பகலில் ஓடி இரவில் நின்ற ஃபிரிட்ஜ்

எனக்குத் தொழில் கார் ஏசியும் வீட்டு ஃபிரிட்ஜும். ஊர் குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். எங்கள் ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குக் கொச்சியைத் தளமாக வைத்திருப்பவர்கள். சொந்தபந்தத்தில் பாதி தோப்பும்படித் துறைமுகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. நானும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன். ஆனால் குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். கட்டிப்போட்ட படகில் ஏறினாலே எனக்கு வயிறு கலங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் மச்சான் போன் செய்தான். அவன் படகு எஞ்சின் மெக்கானிக். "போல்காட்டி மரினாவில ஒரு பாய்மரப் படகு கெட்டிக் கெடக்கு. பிரெஞ்சுக்காரரும் பெஞ்சாதியும். ஃபிரிட்ஜ் ஓடலியாம். வந்து பாரு மச்சான், சின்ன வேலைதான்" என்றான். போல்காட்டி மரினா என்பது கொச்சியில் பாய்மரப் படகுகள் வந்து கட்டுகிற துறை. சின்ன வேலை என்று அவன் சொன்ன எதுவும் இதுவரை சின்ன வேலையாக இருந்ததில்லை.

படகு பதினோரு மீட்டர் நீளம் இருக்கும். ஃபிரிட்ஜ் என்றால் நம் வீட்டு அலமாரி மாதிரி இல்லை. சமையல் மேடைக்குள் மேலிருந்து திறக்கிற ஒரு பெட்டி. சுவருக்கு அந்தப்பக்கம், உட்காரும் பலகைக்கு அடியில் கம்ப்ரசர். இரண்டு கை சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும் அளவில் ஒரு கறுப்பு உருண்டை. அதன் பக்கவாட்டில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, முன்னால் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், சின்ன ஃபேன். அந்தப் பெரியவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். ஃபேன் சுற்றியது. கம்ப்ரசர் லேசாக ஒரு முனகல். இரண்டு மூன்று நொடியில் எல்லாம் நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே அமைதி.

அவர் இன்னொன்றும் சொன்னார். "முதலில் பகலில் நன்றாக ஓடும், இரவில் நின்றுவிடும். அப்புறம் பகலிலும் நின்றுவிட்டது. பேட்டரிதான் போய்விட்டது என்று போன துறைமுகத்தில் இரண்டையும் புதிதாக மாற்றினேன். ஒரு வாரம் பரவாயில்லை. பிறகு பழையபடி." இந்த நாலு வாக்கியத்திலேயே விடை முழுதாக இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே மல்டிமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஃபிரிட்ஜ் பார்க்கிறவனுக்குக் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் கை தானாகக் கம்ப்ரசரில் வயர் மாட்டும் மூன்று பின்னுக்கு (முனைக்கு)ப் போகும். காமன், ஸ்டார்ட், ரன். காமனுக்கும் ரன்னுக்கும் இடையே ஓம், அதாவது மின்தடை, குறைவாக இருக்கும், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கூட, ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே அந்த இரண்டின் கூட்டுத்தொகை. கண்ணை மூடிக்கொண்டு இருபது வருடம் பார்த்த கணக்கு. எலக்ட்ரானிக் பெட்டியைக் கழற்றி, பின்களில் மீட்டரை வைத்தேன். இரண்டு ஓம் சொச்சம். அடுத்த ஜோடி, அதே இரண்டு சொச்சம். மூன்றாவது ஜோடியும் அதே. கூட்டுத்தொகையும் இல்லை, ஏற்றத்தாழ்வும் இல்லை. வைண்டிங் ஷார்ட், அதாவது மோட்டார் சுருள் உள்ளே ஒட்டிவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன். "சார், கம்ப்ரசர் போச்சு. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். கஸ்டம்ஸ் எல்லாம் முடிந்து வர எத்தனை நாள் என்று சொல்ல முடியாது."

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவர்கள் அடுத்து ஓமானில் சலாலாவுக்குப் போகவேண்டியவர்கள். நடுவில் கரை இல்லாமல் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டம். அதற்குப்பின் செங்கடல். காற்று ஒத்துழைக்கும் பருவம் முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி. மூன்று மாதம் முன்பு வாங்கிய பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறி, ரிமோட்டில் ஓடுவது. போன மாதம் அதன் போர்டு போய், நானே கழற்றிப் பார்த்திருந்தேன். மோட்டாரிலிருந்து மூன்று வயர் வந்தது. மூன்றுக்கும் இடையே அளந்தேன், மூன்றும் ஒரே ஓம். அப்போது அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை; பிஎல்டிசி என்றால் மூன்று ஃபேஸ், மூன்று சுருளும் ஒரே மாதிரிதான் இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுகிற, பக்கத்தில் எலக்ட்ரானிக் பெட்டி மாட்டிய கம்ப்ரசர் வேறு என்னவாக இருக்கும்! மூன்றும் சமமாக இருந்தால் அது நல்ல கம்ப்ரசர் என்பதற்கான அடையாளம். அதைப் பார்த்துத்தான் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

படகு ஃபிரிட்ஜ்களில் மிகப் பரவலாக இருப்பது டான்ஃபாஸ் கம்பெனியின் பிடி 35, பிடி 50 வகைக் கம்ப்ரசர்கள். 2010இல் அந்தப் பிரிவு கைமாறி செகாப் என்று பெயர் மாறியது. பழைய படகுகளில் டான்ஃபாஸ் ஸ்டிக்கரும் புதியவற்றில் செகாப் ஸ்டிக்கரும் பார்க்கலாம். ஃபிரிட்ஜின் மேல் வேறு கம்பெனிப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் கறுப்பு உருண்டை பெரும்பாலும் இதுதான். பேட்டரியின் டிசி கரண்ட்டை அந்த எலக்ட்ரானிக் பெட்டி மூன்று ஃபேஸாக மாற்றிக் கம்ப்ரசருக்குக் கொடுக்கிறது. மூன்று பின்னில் பேட்டரியை நேராகத் தொட்டுப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். மோட்டார் சுற்றாது. சுருள் சூடேறி நல்ல கம்ப்ரசர் கெடுவதுதான் மிச்சம். பின்னிலிருந்து கம்ப்ரசரின் உடம்புக்கு மீட்டர் எதுவும் காட்டக்கூடாது, மூன்று ஜோடியும் சமமாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் சரி என்றால் கம்ப்ரசரை அதோடு விட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை பட்டறையிலிருந்து ஒரு கார் பேட்டரியையும், கட்டைவிரல் தடிமனில் இரண்டு முழ ஜம்பர் கேபிளையும் தூக்கிக்கொண்டு போனேன். படகுக்காரர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். நேற்றுச் சொன்னது தப்பாக இருக்கலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார். எலக்ட்ரானிக் பெட்டியில் பிளஸ், மைனஸ் என்று எழுதிய முனைகளிலிருந்து படகின் வயர்களைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் பேட்டரியை நேராக அதே முனைகளில் கொடுத்தேன். பிளஸ், மைனஸ் மாறாமல் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான். ஃபேன் சுற்றியது. முனகல். நான் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. முனகல் மெல்ல ஒரு சீரான ரீங்காரமாக மாறியது. பத்து நிமிடத்தில் உள்ளே தகட்டில் வெள்ளை பூத்தது.

ஆக, கம்ப்ரசர் நன்று, பெட்டி நன்று, கேஸ் நன்று. கெட்டது படகு. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஒரு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும். இப்போதெல்லாம் படகு வேலை என்று அழைத்தால் கேஸ் சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.

காபியோடு அவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் கொண்டுவந்தார். படகில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் வந்த காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார், நம் வீட்டில் ரேஷன் கார்டு, பத்திரம் வைப்பது போல. ஃபிரிட்ஜ் காகிதமும் இருந்தது. அதில்தான் எல்இடி விஷயம் தெரிந்தது. அந்த எலக்ட்ரானிக் பெட்டியில் ஒரு எல்இடிக்கென்றே தனி முனை உண்டு. பல படகுகளில் அதில் ஒன்றும் மாட்டியிருப்பதில்லை. சாதாரண சின்ன எல்இடி ஒன்றின் நீளக்காலை பிளஸ்ஸிலும் குட்டைக்காலை அந்த முனையிலும் கொடுத்தால், கம்ப்ரசர் ஏன் நிற்கிறது என்பதை அது சிமிட்டிச் சொல்லும். பள்ளிமுக்கு எலக்ட்ரானிக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். பையனை ஸ்கூட்டரில் அனுப்பி வாங்கிவரச் செய்தேன்.

ஒரு சிமிட்டல் என்றால் வோல்டேஜ் போதவில்லை, பேட்டரியைக் காப்பாற்ற நிறுத்திவிட்டேன் என்று பொருள். இரண்டு என்றால் ஃபேன் ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்பவில்லை. உள்ளே சுற்றுகிற ரோட்டர் இறுகியிருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் இரு பக்கக் கேஸ் அழுத்த வித்தியாசம் 5 பார் என்ற அளவுக்கு மேல். நான்கு, கிளம்பியது ஆனால் பாரம் தாங்காமல் குறைந்தபட்ச வேகமான நிமிடத்துக்கு 1,850 சுற்றைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து, எலக்ட்ரானிக் பெட்டி சூடாகிவிட்டது. இத்தனையும் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறான், நான் மீட்டரை வைத்துக்கொண்டு ஜோசியம் பார்த்திருக்கிறேன்.

படகின் வயர்களை மறுபடி மாட்டி, எல்இடியைப் பார்த்தேன். முனகல், நிறுத்தம், ஒரு சிமிட்டல். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒன்று.

ஆனால் மீட்டரோ அதே முனைகளில் 12.6 வோல்ட் காட்டியது. பன்னிரண்டு வோல்ட் அமைப்பில் இந்தப் பெட்டி வழக்கமாக 10.4க்குக் கீழே போனால் நிறுத்தும், 11.7க்கு மேலே ஏறினால் மறுபடி முயலும். 12.6 இருக்கும்போது ஏன் நிறுத்துகிறது? இங்கேதான் நிறையப் பேர் பெட்டி பழுது என்று முடிவுகட்டி மாற்றிவிடுகிறார்கள். வீட்டு மாடித்தொட்டியிலிருந்து வருகிற குழாயில் துரு அடைத்திருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் நூல்போல ஒழுகுவது தெரியும். வயரும் அப்படித்தான். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், கரண்ட் ஓடாதபோது மீட்டர் 12.6 என்று சத்தியம் செய்யும். கம்ப்ரசர் இழுக்கிற அந்த இரண்டு நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மலிவு மீட்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. குறைந்தபட்சத்தைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டர் என்னிடம் அப்போது இல்லை.

கார்க்காரனுக்கு அதற்கு வழி உண்டு. பழைய ஹெட்லைட் பல்பு, 60/55 வாட். 55 வாட் இழையை அந்த வயர் முனைகளில் மாட்டினால் நாலரை ஆம்பியர் போல இழுக்கும், கிட்டத்தட்ட ஃபிரிட்ஜ் இழுக்கிற அளவு. ஃபிரிட்ஜ் மாதிரி இரண்டு நொடியில் ஓடிப்போகாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரியும். மாட்டினேன். பல்பு எரிந்தது, ஆனால் பழுத்த மஞ்சளாக, கோயில் விளக்கு மாதிரி. இப்போது மீட்டர் 10.3 காட்டியது. அதே நேரம் பேட்டரியின் முனையில் 12.6.

2.3 வோல்ட் வழியில் எங்கோ காணாமல் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கப் பலகையெல்லாம் பிரிக்க வேண்டியதில்லை. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஃபிரிட்ஜ் பக்கத்துப் பிளஸ்ஸிலும் வைத்தால், அந்தப் பாதையில் மட்டும் தொலைந்த வோல்டேஜ் நேராகத் தெரியும். இதற்காக நீளமாக ஒரு வயரை மீட்டரோடு இணைத்து வைத்திருக்கிறேன். பிளஸ் பக்கம் 0.3. ஃபியூஸ், சுவிட்ச், பேனல் எல்லாவற்றையும் சேர்த்தே அவ்வளவுதான். நான் அதுவரை பழி சுமத்திக்கொண்டிருந்தது ஃபியூஸ் மாட்டும் கூட்டைத்தான்; அது குற்றமற்றது. மைனஸ் பக்கம் வைத்தேன். 2.0.

எல்லோரும் பிளஸ்ஸைத்தான் துரத்துவோம். அங்கேதான் ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கிறது, அதனால் அங்கேதான் கெடும் என்று ஒரு நினைப்பு. மைனஸ் வெறும் வயர், அதில் என்ன கெடப்போகிறது? காரில்கூட பாடி எர்த் (பாடியோடு சேரும் மைனஸ் இணைப்பு) கெட்டு எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஆனாலும் புத்தி அங்கே போகவில்லை.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். அடிப்பள்ளத்தில், எஞ்சின் ரூம் சுவருக்குச் சற்று முன்னால், ஒரு ஒட்டு. யாரோ எப்போதோ வயர் நீளம் போதாமல் இரண்டையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் வழவழவென்று இருந்தது. பிரித்தால் உள்ளே பச்சை மாவு. செம்பு எது, பாசி எது என்று தெரியவில்லை. கையில் எடுத்ததும் பாதி இழை உதிர்ந்தது. நல்ல சாதாரண வீட்டு வயர்தான் போட்டிருக்கிறார்கள். அடிப்பள்ளத்து உப்பு ஈரத்தில் டேப்புக்குள் தண்ணீர் போகும், வெளியே வராது. டேப் சுற்றாமல் விட்டிருந்தால்கூட இத்தனை சீக்கிரம் அழுகியிருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது அவர் முதல் நாள் சொன்ன நாலு வாக்கியத்துக்கு வருகிறேன். பகலில் மேலே சோலார் பேனல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வழியில் இரண்டரை வோல்ட் தொலைந்தாலும் பெட்டிக்கு 11.5 போய்ச் சேரும், அது 10.4க்கு மேல், எனவே ஓடும். சூரியன் சாய்ந்ததும் பேட்டரி 12.6க்கு வரும். அதில் இரண்டரை போனால் 10.1. நின்றுவிடும். நின்றதும் கரண்ட் ஓட்டம் இல்லாததால் வோல்டேஜ் மறுபடி 12.6 என்று ஏறிவிடும், 11.7ஐத் தாண்டியாயிற்றே என்று பெட்டி மறுபடி முயலும், மறுபடி நிற்கும். ஒட்டு மேலும் அழுக அழுகப் பகலிலும் போதாமல் போனது. புது பேட்டரி வைத்த வாரம் வோல்டேஜ் கொஞ்சம் தாங்கி நின்றதால் சரியானது போலத் தோன்றியது. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காத டாக்டரை நாம் எப்படித் திட்டுவோம்!

ஒட்டைச் சரிசெய்தால் மட்டும் போதுமா என்று பார்த்தேன். போதாது. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஒரு வழி ஏழு மீட்டர் வந்தது. போட்டிருந்தது ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயர். அந்தக் காகிதத்திலேயே அட்டவணை இருக்கிறது: 12 வோல்ட்டில் 2.5 ஸ்கொயருக்கு அதிகபட்சம் 2.5 மீட்டர், 4க்கு 4 மீட்டர், 6க்கு 6 மீட்டர், 10க்கு 10 மீட்டர். 24 வோல்ட் படகென்றால் இதே வயருக்கு இரட்டிப்புத் தூரம் போகலாம். மனப்பாடம் செய்ய இதைவிடச் சுலபமான அட்டவணை நான் பார்த்ததில்லை. ஏழு மீட்டருக்கு 10 ஸ்கொயர். வீட்டு வயரிங் செய்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், இத்துனூண்டு ஃபிரிட்ஜுக்குப் பத்து ஸ்கொயரா என்று. 230 வோல்ட்டில் அரை வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒவ்வொரு அரை வோல்ட்டும் கழுத்தைப் பிடிக்கும்.

பேட்டரியிலிருந்து நேராக, இடையில் விளக்கு, பம்பு எதற்கும் கிளை பிரிக்காமல், தகரம் பூசிய செம்பு வயரை இழுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். 24 வோல்ட்டுக்கு ஏழரை போதும். லக்கு (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) எல்லாம் கிரிம்ப் செய்து, அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டுச் சூடுகாட்டி மூடினேன். ஈயம் வைத்து ஒட்டலாமே என்று மச்சான் கேட்டான். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், படகு ஆடுகிற ஆட்டத்தில் அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் ஒடியும். நடுவில் ஒட்டு இல்லவே இல்லை, ஒரே வயர். பல்பை மாட்டினால் பட்டப்பகலில் கண் கூசியது. மீட்டரில் பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் சேர்த்துக் கால் வோல்ட் கூடத் தொலையவில்லை.

அந்த வேலைக்குப்பின் எப்படியோ பேர் பரவி, வருகிற பாய்மரப் படகுகளில் ஃபிரிட்ஜ் என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். பாதிக்குமேல் இதே கதைதான்: ஒரு சிமிட்டல், எங்கோ பச்சை பூத்த முனை. சில நேரம் எலக்ட்ரானிக் பெட்டியில் செருகியிருக்கும் முனைகளே தளர்ந்து கறுத்திருக்கும். சப்ளையை நிறுத்தி, கழற்றி, தேய்த்து, வாயை இடுக்கியால் கொஞ்சம் நெருக்கி மறுபடி செருகினாலே ஓடிவிடும்.

எல்இடி சிமிட்டவும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை, வோல்டேஜ் மட்டும் பல்பைப் போட்டும் நன்றாக நிற்கிறது என்றால், குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரைப் போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுவேன். தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயரும் செருகியிருக்கிற முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், குளிர் போதும் போதாது என்று கேட்பதற்கு ஆளில்லாமல் கம்ப்ரசர் நேராக ஓடும். ஓடினால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியதுதான். ஒரு படகில் புது தெர்மோஸ்டாட் கிடைக்கும்வரை அந்த வயர்த் துண்டிலேயே ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கையால் போட்டு அணைத்தார். அதே முறையில்தான் மாலத்தீவு போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு சிமிட்டல் வந்தது ஒரே தடவைதான். ஃபேனின் ஒரு வயரைக் கழற்றியதும் கம்ப்ரசர் ஓடியது. உப்புக்காற்றில் ஃபேன் இறுகியிருந்தது. முன்னால் யாரோ 24 வோல்ட் ஃபேனை வாங்கி ஸ்பேராக வைத்திருந்தார்கள், படகு 24 வோல்ட் ஆயிற்றே என்று. இந்தப் பெட்டிகளில் படகு 24ஆக இருந்தாலும் ஃபேன் 12 வோல்ட்டாகத்தான் இருக்கவேண்டும். ஃபேன் இல்லாமல் ஓடவிட்டு விட்டுப் போகாதீர்கள், கண்டென்சர் சூடேறிக் கொஞ்ச நேரத்தில் நான்கோ ஐந்தோ சிமிட்ட ஆரம்பிக்கும். ஐந்து சிமிட்டியது எஞ்சினை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்த ஒரு கம்ப்ரசர். சுற்றிலும் படுக்கை விரிப்பு, துண்டு என்று திணித்து வைத்திருந்தார்கள். துணியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் வந்தேன்.

மூன்று சிமிட்டலில்தான் நிதானம் வேண்டும். இதில் அழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு மெல்லிய கேப்பிலரிக் குழாய்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பதற்றத்தில் உடனே மறுபடி போட்டால் ஒரு பக்கம் அழுத்தம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும், கம்ப்ரசரால் தள்ள முடியாது. அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டால் பல நேரம் கிளம்பிவிடும். அதற்குப் பின்னும் மூன்றே சிமிட்டினால், முதலில் அந்த மூன்று பின் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்க்கவேண்டும். அப்புறம் நன்றாக ஓடுகிற வேறு ஒரு எலக்ட்ரானிக் பெட்டியை மாட்டிப் பார்ப்பேன். இதற்கென்றே ஒரு பழைய பெட்டியைக் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். அதிலும் மூன்று என்றால் அப்போதுதான் கம்ப்ரசரைப் பற்றிப் பேச்சு. எனக்கு அப்படி வந்தது இதுவரை ஒன்றே ஒன்று. அதிலும், முன்னால் பார்த்தவர் காரணம் தெரியாமல் குளிரூட்டும் ஆர் 134ஏ கேஸை அள்ளி அடைத்திருந்தார். இந்தச் சின்ன அமைப்புகள் பிடிக்கிற கேஸ் சில பத்து கிராம்தான். கார் ஏசி கையோடு அதில் கை வைத்தால் கூடிப்போகும். ஓடவே ஓடாத கம்ப்ரசருக்குக் கேஸ் குறைவென்று எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேஸ் குறைந்தால் குளிராது. கம்ப்ரசர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் படகுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை போனபோது தட்டு முழுக்கப் பனி. அந்த அம்மா வெண்ணெயைக் கத்தியால் தட்டி, கட்டியாக இருக்கிறது என்று காட்டினார். எல்இடியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சமையல் மேடையிலேயே கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடு என்றார். துளை போட்டுப் பொருத்தினேன். சிமிட்டல் கணக்கை ஒரு காகிதத்தில் பிரெஞ்சில் எழுதி உள்பக்கம் ஒட்டினார்.

கம்ப்ரசருக்கு நான் சொன்ன விலையில் ஒரு சின்னப் பங்குகூட ஆகவில்லை. முதல் நாள் கூலியை நான் போடவில்லை. பெரியவர் கேட்டபோது, அன்று நான் வேலை பார்க்கவில்லை, உங்கள் படகில் படித்தேன் என்றேன். சிரித்துவிட்டு அதையும் சேர்த்தே கொடுத்தார். இறங்கும்போது பச்சை பூத்த அந்த ஒட்டை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். போன துறைமுகத்தில் கழித்துவிட்டு வந்த இரண்டு பேட்டரியும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நான் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.